வலப்பக்கம் திருப்பினால் மட்டும் ஒலிக்கும் ஹாரன்: 2005 மாடல் பிக்கப்

தோட்டத்துச்சாளை | ஆனைமலை | ஞாயிறு இரவு 8:50

வணக்கம். எங்களிடம் இருப்பது 2005 மாடல் டீசல் பிக்கப். அப்பா வாங்கியது. தேங்காய், மட்டை, மாதம் இரண்டு முறை காங்கேயம் எண்ணெய் ஆலைக்குக் கொப்பரை என்று இன்றும் சளைக்காமல் ஓடுகிறது. ஆனால் இருபது நாளாக அதன் ஹாரன் என் உயிரை வாங்குகிறது.

நேராக ஓட்டும்போது அழுத்தினால் சத்தமே இல்லை. ஸ்டியரிங்கை வலப்பக்கம் அரைச் சுற்று திருப்பிக்கொண்டு அழுத்தினால் கத்துகிறது, அதுவும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால்தான். எஞ்சினை நிறுத்திவிட்டால் பத்துக்கு இரண்டு தடவை வருவதே பெரிது. ஆக, எதிரே வருகிறவனுக்கு ஹாரன் அடிக்க வேண்டுமானால் முதலில் அவன் மேலேயே வண்டியைத் திருப்ப வேண்டும்!

ஃப்யூஸைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. பொள்ளாச்சியில் ஒரு கடையில் சொன்னதைக் கேட்டு ஹாரன் இரண்டையும் மாற்றினேன். பிறகு ஹாரனுக்கு மின்சாரத்தை விடும் சுவிட்சான ரிலேயையும் மாற்றினேன். 1,150 ரூபாய் போனதுதான் மிச்சம். இப்போது ஸ்டியரிங்குக்குள் இருக்கும் கான்டாக்ட் செட்டை மாற்றச் சொல்கிறார்கள்.

அவசரத்துக்கு இரண்டு காரணங்கள். வருகிற வாரம் வியாழக்கிழமை எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, வண்டியைக் காட்ட வேண்டும். இன்னொன்று, தோப்புக்குள் நுழையும்போது நீளமாக ஒரு ஹாரன் அடிப்பது அப்பா காலத்துப் பழக்கம். மரத்தின் மேல் இருப்பவர் குலை வெட்டுவதை நிறுத்திவிட்டுக் குரல் கொடுப்பார், அப்புறம்தான் உள்ளே போவோம். நேற்று சத்தமில்லாமல் போய் நின்றேன். பானெட்டுக்கு இரண்டடி தள்ளி ஒரு குலை விழுந்தது. மேலே இருந்தவரும் நானும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

---

சங்ககிரி லாரிக்காரன் | ஞாயிறு இரவு 9:15

திருப்பினால் வருகிறது, நேராக இருந்தால் வரவில்லை என்றால் கான்டாக்ட்தான் தேய்ந்திருக்கிறது. இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. அந்த மாடலுக்கு இப்போது கான்டாக்ட் செட் கிடைப்பது கஷ்டம், கோவை உக்கடம் பழைய சாமான் கடைகளில் தேடிப் பார்க்கலாம்.

கிடைக்காவிட்டால் என் வழி இருக்கிறது. டேஷ்போர்டில் ஒரு காலிங்பெல் பட்டனைப் பொருத்தி ஒயரை இழுத்துவிடுங்கள். என் லாரியில் ஆறு வருடமாக அப்படித்தான் ஓடுகிறது.

---

இளங்கன்று | கோவை | ஞாயிறு இரவு 9:22

அண்ணா, பேசாமல் ஏர் ஹாரன் போட்டுவிடுங்கள். தனி கம்ப்ரஸர், தனி ஒயரிங், தனி சுவிட்ச். பழைய தொல்லையே இருக்காது. ஐந்து சுரம் பாடுகிற மாதிரியெல்லாம் கடையில் இருக்கிறது. நான் இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், வேண்டுமானால் வந்து மாட்டித் தருகிறேன்.

---

நெறியாளர் | ஞாயிறு இரவு 9:40

இளங்கன்று தம்பிக்கு: 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119ஆவது விதியைப் படித்துப் பாருங்கள். மாறி மாறிப் பல சுரங்களில் ஒலிப்பதும், காதைக் கிழிப்பதும், கேட்பவரை மிரட்டுவதுமான ஹாரனுக்கு அதில் இடமில்லை. தேவையில்லாமல் ஹாரன் அடிப்பதற்கும், அடிக்கக் கூடாத இடத்தில் அடிப்பதற்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194எஃப் பிரிவின்படி முதல் தடவை 1,000 ரூபாய், அடுத்த தடவையிலிருந்து 2,000 ரூபாய் அபராதம். எஃப்.சி.க்குப் போகிற வண்டியில் ஐந்து சுரத்தை மாட்டிவிட்டு அவரை எங்கே அனுப்பப் பார்க்கிறீர்கள்?

---

மல்லிகைக்காடு | சத்தியமங்கலம் | திங்கள் அதிகாலை 4:35

பூ மூட்டையை ஏற்றிவிட்டு இதை எழுதுகிறேன். என்னுடையதும் பிக்கப்தான், இன்னும் பழசு. போன ஆண்டு ஹாரன் தொண்டை கட்டிய மாதிரி கரகரத்தது, பிறகு நின்றே போனது. நத்தை வடிவ ஹாரன். மாட்டியவர் அதன் வாயை மேல் பார்த்து வைத்திருக்கிறார். கழற்றிப் பார்த்தால் உள்ளே குளவி மண்கூடு கட்டிக் குடும்பம் நடத்தியிருக்கிறது. மழைத்தண்ணீர் இறங்கி அந்த மண் குழைந்து இறுகிப்போயிருந்தது. குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு, வாய் கீழே பார்க்கும்படி திருப்பி மாட்டினேன். பிடிமானத் தகட்டின் துருவையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அந்த வகையில் எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி, கிடைப்பதே அந்தத் தகடு வழியாகத்தான்.

ஆனால் தம்பி, உங்கள் கோளாறு அது இல்லை என்று நினைக்கிறேன். குளவிக்கு வலது இடது தெரியாது. எதுவானாலும் சீக்கிரம் சரிசெய்துகொள்ளுங்கள். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவு ஏறியிருக்கும்போது என் ஹாரன் நின்றது. மீதி வளைவுகளில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கூப்பாடு போட்டுக்கொண்டே ஏறினேன்.

---

ஒயர்மேன் | திருப்பூர் | திங்கள் காலை 6:10

தம்பி, இனி ஒரு பொருளும் வாங்காதீர்கள். முப்பத்தைந்து வருடம் வண்டிக்கு ஒயரிங் வேலை பார்த்துவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். ஹாரன் வேலைக்கு என்னிடம் வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் புது ஹாரனோடுதான் வந்தன.

நடுவில் ஒரு திண்ணை, இரண்டு பக்கமும் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். திண்ணையில் உட்கார்ந்திருப்பது ரிலே. ஒரு வீட்டில் கனத்த மின்சாரம் ஓடுகிறது: பேட்டரி, ஃப்யூஸ், ரிலேயின் 30, 87 கால்கள், ஹாரன், அதன் எர்த். வட்ட ஹாரன் ஒன்று நான்கைந்து ஆம்பியர் இழுக்கும், ஜோடி என்றால் பத்தை ஒட்டி வரும். மறு வீட்டில் ஓடுவது மெல்லிய மின்சாரம்: ரிலேக்குள் 85, 86 கால்களுக்கு நடுவே உள்ள காயில் என்னும் கம்பிச்சுருள், அங்கிருந்து ஸ்டியரிங்குக்கு ஏறும் ஒற்றை ஒயர், நீங்கள் அழுத்தும் பட்டன், அங்கிருந்து எர்த். இதில் கால் ஆம்பியர்கூட ஓடாது. எந்த வீட்டில் கோளாறு என்று பார்க்காமல் இரண்டு வீட்டிலும் சாமானை மாற்றிக்கொண்டிருந்தால் கடைக்காரருக்குத்தான் லாபம்.

இன்று இரண்டு சோதனைகள் போதும். எஞ்சின் ஓடக் கூடாது, சாவி மட்டும் போட்டிருக்கட்டும். ஸ்டியரிங்கை நேராக வைத்து, ரிலேயின் தலையில் விரலை வையுங்கள். வீட்டில் யாரையாவது பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். விரலில் 'டிக்' என்று தட்டினால், அதன் பிறகும் சத்தமில்லை என்றால், கோளாறு முதல் வீட்டில். தட்டவே இல்லையென்றால் இரண்டாம் வீட்டில்.

பிறகு ரிலேயைப் பிடுங்கிவிட்டு, சாக்கெட்டில் 30, 87 கால்கள் நுழையும் துளைகளை ஒரு துண்டு ஒயரால் ஒரே ஒரு நொடி இணையுங்கள். எண்கள் ரிலேயின் அடியில் பொறித்திருக்கும். ரிலேயைத் திருப்பிப் பார்க்கும்போது இடம் வலம் மாறும், கவனம். மற்ற இரண்டு துளைகளில் ஒயரை விட்டுவிடாதீர்கள்.

முடிவை எழுதுங்கள்.

---

தோட்டத்துச்சாளை | திங்கள் மாலை 6:30

ஐயா, மிக்க நன்றி. அம்மா பட்டனை அழுத்தினார், நான் ரிலேயில் விரல் வைத்தேன். நேராக இருக்கும்போது ஒரு அசைவும் இல்லை. வலப்பக்கம் திருப்பியபோது ஒரு தடவை மட்டும் லேசாகத் தட்டியது.

அடுத்து 30ஐயும் 87ஐயும் இணைத்தேன். புது ஹாரன் இரண்டும் சேர்ந்து அலறிய அலறலில் கட்டுத்தரையில் நின்ற எருமை முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டது. அதைப் பிடித்துக் கட்டிவிட்டு வந்து எழுதுவதற்குத்தான் இவ்வளவு நேரம்.

அப்படியானால் பழைய ஹாரன்களில் கோளாறே இல்லையா?

---

ஒயர்மேன் | திங்கள் மாலை 6:55

இருந்திருக்காது. எறிந்துவிட்டீர்களா?

---

தோட்டத்துச்சாளை | திங்கள் மாலை 7:00

இல்லை, சாளையில் (தோட்டத்து வீட்டில்) கிடக்கின்றன. ஆத்திரமாக வருகிறது.

---

ஒயர்மேன் | திங்கள் மாலை 7:25

பத்திரமாக வையுங்கள்.

முதல் வீடு சுத்தம் என்று தெரிந்துவிட்டது. ஃப்யூஸ், ஹாரன், ஹாரனின் எர்த் எல்லாம் சரி. இனி அந்தப் பக்கம் போகவே வேண்டாம். நாளைக்கு இரண்டாம் வீடு. உங்கள் வண்டியில் ஏர்பேக் கிடையாதுதானே? 2005 சரக்கு வண்டியில் இருக்காது, ஆனாலும் கேட்காமல் ஸ்டியரிங்கைப் பிரிக்கச் சொல்ல மாட்டேன்.

ஹாரன் மூடியைக் கழற்றினால் சக்கரத்தின் நடுவில் பெரிய நட்டு தெரியும். சக்கரத்துக்கு அடியில் ஒரு செம்பு வளையமும், அதை உரசிக்கொண்டே இருக்கிற ஸ்பிரிங் ஊசியும் இருக்கும். ரிலேயிலிருந்து வருகிற ஒயர் அந்த ஊசியில் முடிகிறது. சக்கரம் எந்தப் பக்கம் சுற்றினாலும் தொடர்பு விடாமல் இருக்கத்தான் அந்த வளையம். வளையத்திலிருந்து பட்டனுக்கு ஒரு சிறு ஒயர் வரும். வளையத்தில் கறுப்பு படிந்திருந்தால் துடையுங்கள், ஊசி உள்ளே போய் வெளியே வருகிறதா என்று பாருங்கள்.

---

சங்ககிரி லாரிக்காரன் | திங்கள் இரவு 8:05

இதைத்தானே நான் முதலிலேயே சொன்னேன், கான்டாக்ட் என்று.

---

தோட்டத்துச்சாளை | செவ்வாய் மத்தியானம் 1:40

மூடியைக் கழற்றினேன். பின்பக்கம் இரண்டு திருகுகள். இருபது வருடத்து கிரீஸும் செம்புத்தூளும் கலந்து மை போல வளையம் முழுக்க அப்பியிருந்தது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தேன், பிறகு நைஸ் உப்புத்தாளால் பூப்போலத் தடவினேன். அடியிலிருந்து செம்பு சிவப்பாக எட்டிப் பார்த்தது. ஊசி ஓடும் தடம் மட்டும் நகக்கண் அளவுக்குப் பள்ளம். ஊசியும் நன்றாக உள்ளே போய் வெளியே வருகிறது.

எல்லாவற்றையும் மாட்டி அழுத்தினால், கத்தியது! ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே! மூன்று தடவை கத்தியது. நாலாவது தடவை ஒன்றுமில்லை. பழையபடி வலப்பக்கம் திருப்பினால்தான்.

சங்ககிரி அண்ணா சொன்ன கான்டாக்ட் செட்டையே தேட வேண்டியதுதானா?

---

சங்ககிரி லாரிக்காரன் | செவ்வாய் மத்தியானம் 2:10

தேடுங்கள். பள்ளம் விழுந்த வளையம் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

---

ஒயர்மேன் | செவ்வாய் மாலை 5:30

பொறுங்கள். இன்னும் வாங்க வேண்டாம். மூன்று தடவை கத்திவிட்டு நின்றதில் ஒரு துப்பு இருக்கிறது. மூடியைக் கழற்ற நீங்கள் சக்கரத்தை இழுத்து, தள்ளி, ஆட்டியிருப்பீர்கள். அந்த ஆட்டத்தில் ஏதோ ஒன்று ஒன்றோடு ஒன்று தொட்டுவிட்டுப் பிறகு விலகியிருக்கிறது.

பட்டனை அழுத்தும்போது என்ன நடக்கிறது? வளையத்திலிருந்து வரும் ஒயர் ஸ்டியரிங்கின் இரும்பைத் தொடுகிறது, அவ்வளவுதான். அந்த இரும்புக்கு எர்த் எங்கிருந்து வருகிறது? யாரும் கேட்காத கேள்வி இது. இரும்புதானே, வண்டியோடு சேர்ந்திருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

மூடியைத் திறந்து, பட்டனுக்கு வரும் அந்தச் சிறு ஒயரைக் கழற்றுங்கள். சாவி போட்டு, அதன் நுனியை நடு நட்டில் தொடுங்கள். பிறகு ஒரு நீள ஒயரைச் சேர்த்து, டேஷ்போர்டுக்கு அடியில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் தொடுங்கள். இரண்டிலும் என்ன ஆகிறது என்று சொல்லுங்கள்.

மல்டிமீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. பேட்டரியின் நெகடிவைக் கழற்றிவிட்டு, நடு நட்டுக்கும் அதே போல்ட்டுக்கும் இடையே எத்தனை ஓம் என்று அளந்து எழுதுங்கள். நேராக ஒரு தடவை, வலப்பக்கம் திருப்பி ஒரு தடவை. ரிலேயைக் கையில் எடுத்து 85, 86 கால்களுக்கு நடுவேயும் அளந்துகொள்ளுங்கள்.

---

தோட்டத்துச்சாளை | புதன் இரவு 7:45

பக்கத்து ஊரில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் மீட்டர் வாங்கி வந்தேன். ஒரு மணி நேரத்தில் திருப்பித் தருவதாகச் சொல்லித்தான் கொடுத்தார்கள், நாலு மணி நேரம் ஆகிவிட்டது.

ஒயரை நட்டில் தொட்டால் ஹாரன் வரவில்லை. டேஷ்போர்டு போல்ட்டில் தொட்டால் பளிச்சென்று வருகிறது. பத்துக்குப் பத்து.

நட்டுக்கும் போல்ட்டுக்கும் இடையே நேராக இருக்கும்போது 200 ஓம், கொஞ்சம் ஏறி இறங்குகிறது. வலப்பக்கம் திருப்பினால் 40. ரிலே காயில் 80 ஓம்.

ஒன்றும் புரியவில்லை, ஆனால் ஏதோ பிடிபட்டுவிட்டது என்று தெரிகிறது.

---

இளங்கன்று | புதன் இரவு 8:20

அண்ணா, இதை நான் கணக்குப் போடட்டுமா? ஏர் ஹாரன் பற்றிப் பேசியதை மறந்துவிடுங்கள்.

ரிலே காயில் 80 ஓம். அதோடு வரிசையாக 200 ஓம் தடை. மொத்தம் 280. எஞ்சின் ஓடாதபோது பேட்டரியில் 12 வோல்ட் என்று வைத்தால், காயிலுக்குக் கிடைப்பது 12 பெருக்கல் 80 வகுத்தல் 280, அதாவது மூன்றரை வோல்ட்டைக்கூட எட்டவில்லை. எஞ்சின் ஓடி 14 வோல்ட் வந்தாலும் 4தான். 12 வோல்ட் ரிலே இழுக்க ஏழெட்டு வோல்ட்டாவது வேண்டும். நேராக இருக்கும்போது அது அசையவே அசையாது.

வலப்பக்கம் திருப்பினால் தடை 40, மொத்தம் 120. எஞ்சின் நின்றிருந்தால் காயிலுக்கு 8 வோல்ட். இழுத்தாலும் இழுக்கும், இழுக்காமலும் போகும். பத்துக்கு இரண்டு தடவை என்றீர்களே, அது இதுதான். எஞ்சின் ஓடினால் 9.3 வோல்ட், உறுதியாக இழுத்துவிடும். நீங்கள் முதல் நாள் எழுதிய ஒவ்வொன்றும் இந்தக் கணக்குக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது! வகுப்பில் தொடர் தடை நடத்தியபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

---

ஒயர்மேன் | புதன் இரவு 8:50

அருமை தம்பி. நான் விரல் வைத்துக் கண்டுபிடிப்பதை நீங்கள் பேனா வைத்துக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

ஆக, வளையம், ஊசி, பட்டன், ஒயர் எல்லாம் சரி. ஸ்டியரிங் தண்டுக்குத்தான் எர்த் இல்லை. இப்போது கிடைக்கிற கொஞ்சநஞ்சமும் மேல் பேரிங் வழியாகக் கசிந்து வருவது. பேரிங்குக்குள் கிரீஸ், கிரீஸ் மின்சாரத்துக்கு ஆகாது. ஒரு குண்டு ஒரு பக்கம் நன்றாக உட்கார்ந்தால் 40, நகர்ந்தால் 200.

தோட்டத்துச்சாளை தம்பி, யோசித்துச் சொல்லுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்குள் ஸ்டியரிங்கில் யாராவது கை வைத்தார்களா?

---

தோட்டத்துச்சாளை | புதன் இரவு 9:05

ஐயா! ஸ்டியரிங்கில் ஆட்டம் அதிகமாக இருந்தது என்று ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு பட்டறையில் விட்டேன். தண்டு கீழே போய்ச் சேருகிற இடத்தில் ஒரு ரப்பர் வட்டு நைந்திருக்கிறது என்று மாற்றினார்கள். அதற்குப் பிறகும் இரண்டு வாரம் ஹாரன் நன்றாகத்தான் இருந்தது. அதனால் அதையும் இதையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

---

ஒயர்மேன் | புதன் இரவு 9:30

பிடித்துவிட்டோம்.

ஸ்டியரிங் தண்டும் கீழே உள்ள ஸ்டியரிங் பாக்ஸும் நேராக இரும்போடு இரும்பாகச் சேர்வதில்லை. பாதையின் அதிர்வு கைக்கு ஏறாமல் இருக்க நடுவில் அந்த ரப்பர் வட்டு. இரண்டு போல்ட் மேல் தண்டுக்கு, இரண்டு போல்ட் கீழ்த் தண்டுக்கு. ரப்பர் அதிர்வைத் தடுக்கிறது, கூடவே மின்சாரத்தையும் தடுத்துவிடுகிறது. அதனால் இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் வட்டின் ஒரு பக்கத்துப் போல்ட்டிலிருந்து மறுபக்கத்துப் போல்ட்டுக்கு ஒரு சின்னப் பின்னல் செம்பு ஒயர் போட்டிருப்பார்கள். மேல் தண்டுக்கு எர்த் அதன் வழியாகத்தான். அந்தத் துண்டைப் பார்க்கிற மெக்கானிக்குக்கு அது ஏதோ கந்தல் மாதிரி தெரியும். புது வட்டோடு அது வராது, பழையதில் இருந்து எடுத்து மாட்ட மறந்துவிடுவார்கள். இப்படி நான் பார்த்த வண்டிகள் ஒன்றிரண்டு அல்ல.

இரண்டு வாரம் ஓடியது பேரிங்கின் தயவில். பிறகு அதுவும் கைவிட்டுவிட்டது.

நாளைக்கு டார்ச் அடித்துக் கீழே பாருங்கள்.

---

தோட்டத்துச்சாளை | வியாழன் காலை 9:20

பார்த்தேன். புது ரப்பர் வட்டு கன்னங்கரேலென்று, நான்கு போல்ட்டும் பளபளவென்று. இணைப்பு ஒயர் இல்லை.

பட்டறையில் கழற்றிய பழைய சாமானை ஒரு சாக்குப்பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள், அது இன்னும் சீட்டுக்கு அடியில் இருந்தது. கொட்டினேன். பழைய வட்டு விளிம்பில் நார் நாராகப் பிரிந்திருக்கிறது. அதன் மேல் ரிவெட் அடித்தபடி, சுண்டுவிரல் நீளத்தில், பச்சைக் களிம்பேறிய செம்புப் பின்னல். ஒரு நுனி அறுந்து தொங்குகிறது. ஐந்து வாரமாக அதன் மேல்தான் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

---

மல்லிகைக்காடு | வியாழன் காலை 9:45

படித்துவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பூ எடை போடுகிறவர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

---

சங்ககிரி லாரிக்காரன் | வியாழன் காலை 10:10

ஒப்புக்கொள்கிறேன், கான்டாக்ட் இல்லை. ஆனால் என் காலிங்பெல் பட்டன் இதற்கும் வேலை செய்திருக்கும்!

---

ஒயர்மேன் | வியாழன் காலை 11:00

செய்திருக்கும், அதை மறுக்கவில்லை. ரிலேயிலிருந்து வருகிற மெல்லிய ஒயரை ஒரு பட்டன் வழியாக எர்த்தில் விட்டால் போதும், பட்டன் சூடாகாது. நடுவழியில் மாட்டிக்கொண்டால் நானே அப்படித்தான் செய்வேன். ஆனால் ரிலேயே இல்லாமல் ஹாரனின் பத்து ஆம்பியரையும் காலிங்பெல் பட்டனில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் லாரியில் எப்படி என்று ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். பட்டன் சுட்டால் மாற்றிவிடுங்கள். அதுவுமில்லாமல் ஆபத்து நேரத்தில் கை தேடிப் போவது சக்கரத்தின் நடுவுக்குத்தான், டேஷ்போர்டுக்கு அல்ல.

தம்பி, இப்போது வேலை. 2.5 சதுர மில்லிமீட்டர் பல இழைச் செம்பு ஒயர் ஒரு சாண் வாங்குங்கள். இரண்டு நுனியிலும் போல்ட்டுக்குப் பொருந்துகிற திம்பிளை, அதாவது வளைய முனையை, வைத்து அழுத்துங்கள். மேல் தண்டின் போல்ட் ஒன்றில் ஒரு நுனி, கீழ்த் தண்டின் போல்ட் ஒன்றில் மறு நுனி. ரப்பர் வளைந்து கொடுக்கும் இடம் என்பதால் ஒயரை விறைப்பாக விடாதீர்கள், கொஞ்சம் தொய்வு வேண்டும். அதற்காக எங்கேயாவது சிக்குகிற அளவுக்குத் தொங்கவும் கூடாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அந்தப் போல்ட்டுகள் ஹாரனுக்கானவை அல்ல, ஸ்டியரிங்குக்கானவை. நட்டைக் கழற்றி மாட்டுவதை நீங்களாகச் செய்ய வேண்டாம். வட்டை மாற்றிய பட்டறைக்கே போங்கள், நட்டைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், திம்பிளின் கனத்தால் நட்டுக்குப் பிடிமானம் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முறுக்கிய பிறகு சக்கரத்தை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பி, ஒயர் எதிலும் உரசவில்லை என்று கண்ணால் பாருங்கள். ஹாரன் இல்லாத வண்டியைக்கூட வீட்டுக்கு ஓட்டி வந்துவிடலாம், ஸ்டியரிங் கழன்ற வண்டியை முடியாது.

---

தோட்டத்துச்சாளை | வெள்ளி மாலை 6:15

முடிந்தது ஐயா.

பட்டறைக்காரர் பழைய வட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு அவரே ஒயர் வெட்டி, திம்பிள் அழுத்தி, புது நட்டு போட்டு முறுக்கினார். காசு வாங்க மறுத்துவிட்டார். ஒயருக்கும் திம்பிளுக்கும் கடையில் ஆனது 40 ரூபாய்.

மீட்டர் முள்ளுகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.4 ஓம், அது மீட்டர் ஒயரின் சொந்தத் தடை. நட்டுக்கும் போல்ட்டுக்கும் இடையே 0.5. நேராக, வலமாக, இடமாக எப்படித் திருப்பினாலும் அதே 0.5. மீட்டரை வெல்லம் ஒரு கிலோவோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பழைய ஹாரன்களைப் பேட்டரியில் நேராகத் தொட்டுப் பார்த்தேன். ஒன்று ஜம்மென்று இருக்கிறது. இன்னொன்று கரகரக்கிறது. அதைத் தூக்கி எறியலாமா?

---

ஒயர்மேன் | வெள்ளி மாலை 6:40

எறியாதீர்கள். பின்பக்கம் ஒரு சிறு திருகு இருக்கும், மேலே பெயின்டோ அரக்கோ வைத்து மூடியிருப்பார்கள். உள்ளே இருக்கும் தொடுபுள்ளிகளின் இடைவெளியை அதுதான் வைக்கிறது. கால் திருப்பு திருப்பி ஒலித்துப் பாருங்கள், மோசமானால் மறுபக்கம் கால் திருப்பு. ஒரு தடவைக்கு இரண்டு நொடிக்கு மேல் ஒலிக்கவிடாதீர்கள். குரல் தெளிந்ததும் திருகின் மேல் ஒரு பொட்டு நகச்சாயம் வைத்துவிடுங்கள், அசையாது.

---

தோட்டத்துச்சாளை | அடுத்த வியாழன் இரவு 8:00

எஃப்.சி. ஆகிவிட்டது. எட்டு வயதைத் தாண்டிய சரக்கு வண்டி என்பதால் அடுத்த ஆண்டும் இதே படையெடுப்புதான். ஹாரனை ஒரே ஒரு தடவை அழுத்திப் பார்த்தார்கள், அரை நொடி. அந்த அரை நொடிக்கு இருபத்தைந்து நாள்.

பழைய ஹாரனையே திரும்ப மாட்டிவிட்டேன். புதிது இரண்டும் சாளையில் இருக்கின்றன. புதிதின் குரலுக்கு நாய் குரைத்தது. பழையதற்கு வாலாட்டிக்கொண்டு வந்து கேட்டருகே நின்றது. தோப்பில் மரமேறுகிறவரும் மேலிருந்து "வாங்க" என்றார்.

---

புதுவரவு11 | ஈரோடு | அடுத்த வெள்ளி காலை 10:30

இந்த இழை முழுவதும் படித்தேன். என் காரிலும் இதே தொல்லை, ஸ்டியரிங்கைத் திருப்பினால்தான் ஹாரன். 2018 மாடல். இன்று மத்தியானம் நானும் மூடியைக் கழற்றி வளையத்தைத் துடைக்கப் போகிறேன். எந்த எண் உப்புத்தாள் நல்லது?

---

ஒயர்மேன் | அடுத்த வெள்ளி காலை 10:34

கழற்றாதீர்கள்! 2018 காரில் அந்த மூடிக்குப் பின்னால் ஏர்பேக் இருக்கலாம். அப்படி இருந்தால் அங்கே செம்பு வளையம் இருக்காது, சுருள் நாடா போன்ற ஒயர்தான் இருக்கும். அதே நாடா வழியாகத்தான் ஏர்பேக்குக்கும் இணைப்பு போகிறது. டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, தனியாக ஓர் இழை தொடங்கி எழுதுங்கள். உப்புத்தாளைக் கீழே வையுங்கள்.